கஞ்சியில் கரைத்த கொய்னா

நண்பரே, சற்று நேரம் சாட்சிக் கூண்டில் வந்து நில்லுங்கள். மேடையில் வளர்ந்தவனுக்கு எதிரே ஒரு முகம் தெரியாவிட்டால் வாய் எழாது. கைதட்ட வேண்டாம், தீர்ப்பும் சொல்ல வேண்டாம். பின்னொரு நாள் யாரேனும் வினவினால், நான் சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள், அது போதும்.

சென்ற மாதம் நண்பன் ஒருவனின் திருமண வரவேற்பு, கடற்கரைச் சாலைக்குச் சற்று உள்ளே இருக்கும் ஓட்டலில். புதுச்சேரித் திருமணத்தில் பானங்களுக்குப் பஞ்சமில்லை என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. நான் மது அருந்துவதில்லை. குரல் கெட்டுவிடும் என்று காரணம் கூறிக்கொள்வது வழக்கம், ஏதோ நாடே என் குரலை நம்பி இருப்பதுபோல. அதனால் பரிமாறுபவர், "இதுல ஒண்ணும் இல்ல சார், வெறும் டானிக் வாட்டர்" என்று ஒரு கோப்பையை நீட்டினார். ஒரு மிடறுதான் விழுங்கினேன். நாவின் அடியில் மெல்லிய கசப்பு ஒன்று தங்கிவிட்டது. போத்தலை வாங்கிப் பார்த்தேன். பொடியெழுத்தில் குயினைன் என்று இருந்தது. நம் பெரியவர்கள் கொய்னா என்பார்களே, அந்தக் காய்ச்சல் மருந்துதான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இருமினேன். நான் வாழ்த்துரைக்குத் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன் என்று சுற்றியிருந்தவர்கள் எண்ணினார்கள்.

கசப்பு எங்கள் வீட்டுக்குள் நுழைய அனுமதி பெறாத சுவை. அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறிக்காரர் மற்ற வாசல்களில் பாகற்காயைக் கூவி விற்பார். எங்கள் வாசலில் அந்த ஒரு காயை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூவுவார். சுண்டைக்காய் இல்லை, வெந்தயக் குழம்பு இல்லை. ஒருமுறை விருந்தாளி ஒருவர் ஆசையாகப் பாகற்காய் வாங்கிவந்தபோது அம்மா அதைப் பின்வாசல் வழியாகவே அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். "மாமாவுக்கு ஆவாதுங்க. எதிரி கேம்புல கெடந்த நாக்கு அது" என்றார் விருந்தாளியிடம், ஏதோ கோயில் பிரசாதத்தைப் பற்றிப் பேசுவதுபோல.

மாமா என்று அம்மா குறிப்பிட்டது தன் மாமனாரை, என் தாத்தாவை. பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக, எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'வாக, சைகோனுக்குக் கப்பலேறியவர். இந்தோ சீனப் போரின் கடைசிப் பகுதியில் அவர் துப்பாக்கி பிடிக்கவில்லை. விமானத்திலிருந்து சரக்குத் தள்ளினார். தக்கோத்தா என்னும் சரக்கு விமானம். காட்டுக்குள் முற்றுகையில் சிக்கிய கோட்டைகளுக்கு அரிசி, குண்டு, வெங்காயம், கடிதம், சிலுவை எல்லாவற்றையும் பாராசூட் கட்டி மேலிருந்து போட வேண்டும். கதவைக் கழற்றிவிடுவார்களாம். விமானி மணியடித்ததும், தள்ளுபவர்கள் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களாலும் மூட்டையை வாசலுக்கு வெளியே உந்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தாத்தா சிமெண்டுத் தரையில் படுத்து, வாயாலேயே மணியடித்து, என்னையே மூட்டையாக்கி எதிர்ச்சுவர் வரை உதைத்துத் தள்ளுவார். நான் வழுக்கிப்போய்ச் சுவரில் இடித்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி, தாத்தா" என்பேன். போர் என்றால் வெங்காயம் போடும் விளையாட்டு என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்த விமானத்தை ஓட்டியவரும் நம்மூர்த் தமிழரே. பிரெஞ்சு வான்படையில் ஒரு தமிழர் அந்த இருக்கையில் அமர்ந்தது அரிதினும் அரிது. ஒரே விமானத்தில் ஓட்டியவரும் தள்ளியவரும் புதுச்சேரிக்காரர்களாக அமைந்தது அதனினும் அரிது. ஊரில் அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு முசியே ஃபெலிக்ஸ் என்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். என் தாத்தா சவரிமுத்து 'பைலட்' என்பார், அந்தச் சொல்லைத் துப்புவதுபோல.

கதை இதுதான். கீழேயிருந்து சுட்டதில் விமானம் ஒரு வயலில் வயிறு பதித்து இறங்கியது. மற்றவர்கள் மாண்டார்கள். இவர்கள் இருவரும் பிடிபட்டார்கள். காட்டு வழியில் நடத்தியே கொண்டுபோய், மூங்கில் கொட்டடி ஒன்றில் போட்டார்கள். அங்கே காவல் என்று பெரிதாக ஏதுமில்லை, காய்ச்சலே காவல். பிறகு தாத்தாவின் குரல் தாழும். "பைலட் மைக் முன்னால ஒக்காந்து பேசிட்டான்டா. நம்ம பக்கம் பண்றது அநியாய சண்டை, ஆயுதத்த கீழ போடுங்கன்னு, வாய் கூசாம. என்னையும் கேட்டாங்க." இங்கே ஓர் இடைவெளி விடுவார். எனக்கு இடைவெளி விடக் கற்பித்த முதல் பேச்சாளர் அவர்தான். "நான் பேசல."

தாத்தாவுக்குப் பதக்கம் கிடைத்தது. ஒவ்வொரு நவம்பரிலும் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் நடக்கும் அஞ்சலிக்கு முந்தைய நாள், அந்தப் பதக்கத்தைத் துலக்கும் நெடி வீட்டையே நிறைக்கும். பைலட்டுக்குப் பதக்கமும் இல்லை, வான்படையில் இடமும் இல்லை. கைதிகள் விடுதலையானதும் பிரெஞ்சுப் படை நடத்திய விசாரணையின் முடிவில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மேகத்துக்குள் விமானம் ஓட்டிய மனிதர், அம்பாசிடரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, "கிளட்ச்ச மெல்ல வுடுங்க, மெல்ல" என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அவரிடம் கார் பழகவில்லை. தூரமானாலும் வேறிடம் போனார்கள்.

எங்கள் ஊரிலேயே மாதா கோயில் இருந்தும், தாத்தா பாலம் தாண்டி நகரத்துக் கோயிலுக்கே பூசைக்குப் போவார். பழைய சொல்தாக்கள் கூடும் இடம் அது. பூசையின் நடுவே, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் அழைப்பார் அல்லவா? மற்றவர்கள் கும்பிடுவார்கள்; இந்தப் பெரியவர்கள் மட்டும் பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி கை கொடுப்பார்கள், பெஞ்சு விட்டுப் பெஞ்சு எட்டிக்கூட. முசியே ஃபெலிக்ஸ் எங்களுக்கு முன்வரிசையில் உட்காருவார். சமாதான நேரம் வந்ததும் திரும்பிக் கையை நீட்டுவார். அந்த நொடியில் தாத்தாவுக்குச் சளி பிடித்துவிடும். கைக்குட்டையை எடுத்து நீளமாக மூக்குச் சிந்துவார். நீட்டிய கை சற்று நேரம் நின்று, பிறகு எனக்கோ வேறு யாருக்கோ திரும்பும். வாரந்தோறும் நடந்தது இது. எனக்கு அப்போதெல்லாம் பெருமையாக இருந்தது.

இனி என் பெருமையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே நான் வாங்கிய கோப்பைகளை வைக்க அப்பா தனி அலமாரி செய்திருந்தார். நடக்கும்போதுகூட "அவையோரே" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும். அம்மா உப்பு கேட்டால் மூன்று வாக்கியத்தில் உப்பு கொடுப்பேன். அந்த ஆண்டு நகரத்துக் கோயில் திருவிழாவில் பட்டிமன்றம். மனிதனை உயர்த்துவது சொல்லா, மௌனமா என்பது தலைப்பு. எனக்கு மௌனம் கிடைத்தது. மௌனத்தின் பெருமையைப் பற்றி, நடுவர் மணியடித்தும் நிறுத்தாமல் பேசினேன் என்பதை நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்கலாம், நானும் தடுக்கமாட்டேன்.

என் உரையின் உச்சத்தில், மேடைதோறும் செய்வதுபோல, இரண்டு கைதிகளை நிறுத்தினேன். பெயர் சொல்லவில்லை. ஒரே சோறு, ஒரே சங்கிலி, ஒரே காய்ச்சல். ஒருவன் நாவை விற்றான், மற்றவன் நாவைக் காத்தான் என்றேன். "விற்றவன் உயிரோடு வந்தான், காத்தவனோ உயிரினும் பெரிதான ஒன்றோடு வந்தான்!" மண்டபம் அதிர்ந்தது. பெயர் சொல்லாவிட்டாலும் அந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியாது? தாத்தா முதல் வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். மூன்றாம் வரிசையில் முசியே ஃபெலிக்ஸ் கைதட்டிக்கொண்டிருந்தார். மெதுவாக, மரியாதையாக, ஒரு நல்ல மாணவனுக்குத் தட்டுவதுபோல. அவர் பக்கத்திலிருந்த மதாம், அவர் மனைவி, மடியில் கைகளைக் கோத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முற்றத்தில் காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது மதாம் நேராக என்னிடம் வந்தார். குள்ளமான உருவம், எப்போதும் கவுன், காதில் சிறு முத்து.

"நல்லா பேசுற தம்பி. நாக்குன்னா நாக்கு. ஒரு கேள்வி. காய்ச்சல்ல பொதைக்க குழி வெட்டி வெச்சிருந்த உங்க தாத்தன் நாக்குல கொய்னா வெச்சது யாருன்னு எப்பனா கேட்டியா?"

"மதாம், நான்..."

"கேக்கமாட்ட. கேட்டா பேச்சு நின்னுபூடுமே."

பின்னால் வந்த முசியே அவர் முழங்கையைத் தொட்டார். "அசே. வுடு, போதும். புள்ள நல்லா பேசிச்சு."

"நீங்க இன்னும் எத்தினி வருசம் கை தட்டிக்கினே இருப்பீங்க?" என்று மதாம் அவரையே சீறினார். காபிக் குவளையோடு நின்ற இரண்டு பேர் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பணிந்து போனேன் என்று எண்ணிவிடாதீர்கள். குறுக்கு விசாரணை செய்யப் போனேன். ஆதாரம் என்ன, சாட்சி யார் என்று வழியெல்லாம் கேள்விகளைக் கோத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். வீட்டில் பாதிப் பொருள்கள் பெட்டிகளில் இருந்தன. மகள் பிரான்சிலிருந்து அழைக்கிறாள், அடுத்த மாதம் புறப்படுகிறோம், திரும்பும் வயதில்லை என்றார் முசியே. காய்ந்த ரொட்டியின் வாசமும் எண்ணெய்த் துணியின் வாசமும் கலந்திருந்தன.

அவர் முதலில் விமானத்தைப் பற்றித்தான் பேசினார். மூடுபனியில் மலைகளுக்கு நடுவே இறங்கும்போது, சரக்கு விழும் கணத்தில் விமானம் லேசாகித் தானே எழும்புமாம். "அந்த லேசு இருக்கே தம்பி, அதுக்குத்தான் ஓட்டுனேன். உங்க தாத்தன் ஒதைச்சாதான் எனக்கு லேசாவும். ஒதைக்கறதுல அவன மிஞ்ச ஆளு இல்ல."

"நீங்க மைக்ல பேசினது உண்மையா?" என்று கேட்டேன். என் குரலே எனக்கு வழக்கறிஞர் குரலாகக் கேட்டது.

"உண்மதான். எழுதிக் குடுத்தத படிச்சேன். பிரெஞ்சுல ஒருக்கா, தமிழ்ல ஒருக்கா. நம்ம ஆளுங்களுக்குக் கேக்கணும்னாங்க."

"எதுக்கு?"

உள்ளறையிலிருந்து மதாம்தான் சொன்னார். "மாத்திரைக்கு. சவரிமுத்துக்குக் கண்ணு சொருகிப்போச்சு. கொய்னா அவங்க ஆளுங்களுக்கே கொஞ்சந்தான் இருந்துச்சு. படிச்சா தர்றோம்னாங்க. இவரு படிச்சாரு."

"கஞ்சில கரைச்சு ஊத்துனேன்" என்றார் முசியே. "காவக்காரன் குடுத்த மரப்பட்டைன்னு சொன்னேன். கொய்னான்னா துப்பியிருப்பான். ரோஷக்காரன்."

"பிறகாவது சொல்லியிருக்கலாமே? விசாரணையில?"

"சொன்னா என்ன ஆவும்? அந்த மாத்திரையில பொழச்சவன்னு ஆபீசர் அவன் பேரயும் எழுதுவான். ரெண்டு பேருக்கும் பென்ஷன் போவும். ஒருத்தனுக்காவது இருக்கட்டுமே." பிறகு அவர் என் முகத்தை முதன்முறையாக உற்றுப் பார்த்தார். "அவன்கிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். போறதுக்கு முன்னால கடைசி ஞாயித்துக்கெழம, சமாதானம் சொல்றப்ப அவன் கைய குடுத்தா போதும்."

கோத்துவந்த கேள்விகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

சொல்லாதே என்றார், நானோ அதுவரை எதையும் சொல்லாமல் இருந்து பழகாதவன். இரண்டு வாரம் தாங்கினேன். அந்தக் கடைசி ஞாயிறுக்கு முந்தைய நாள், தாத்தா தனியாக அமர்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தபோது, மெல்ல, சுற்றிவளைத்து, மரப்பட்டை என்ற சொல்லை எடுத்தேன். அவர் வானொலியை நிறுத்தினார்.

"பைலட் வூட்டுக்குப் போனியா?"

"ஆமா தாத்தா."

"மரப்பட்டைன்னான். எனக்கு கொய்னா தெரியாதா? சின்ன வயசுல மூக்கப் புடிச்சி ஊத்துன மருந்துடா அது. மொத மடக்குலயே தெரியும்."

நண்பரே, என் வாழ்க்கையில் உண்மையாகவே பேச்சு நின்றது அன்றுதான்.

"தெரிஞ்சேதான் குடிச்சீங்களா?"

"சாவ பயமா இருந்துச்சு." அதைச் சொல்லும்போது அவர் தன் நாவை உள்ளே சுழற்றிக்கொண்டார், இன்னும் அங்கே ஏதோ ஒட்டியிருப்பதுபோல.

"அப்புறம் விசாரணையில அவருக்காக ஏன் தாத்தா ஒண்ணும் சொல்லல?"

"மொதல்ல என்னைத்தான் கேட்டாங்க. எல்லாரும் செத்த கொட்டடியில நீ எப்பிடிடா பொழச்சன்னு. ஆபீசர் அப்பிடியே என்னையே பாக்கறான். நான் என்னா சொல்றது? 'அவன் பேசினான், நான் பேசல'ன்னேன். அது பொய்யில்ல. ஒரு வார்த்தகூடப் பொய்யில்ல." பிறகு, "இத நான் கண்ண மூடற வரைக்கும் எங்கயும் பேசாத. ஒங்கப்பன் படிச்சது, நீ படிக்கறது, எல்லாம் அந்தப் பென்ஷன்" என்றார்.

எத்தனை மேடைகளில் 'நான் பேசல' என்ற அந்த முத்தாய்ப்பை முழங்கியிருப்பேன்! ஒரு வார்த்தையும் பொய்யில்லாத பொய் ஒன்றைக் குடும்பச் சொத்தாக வாங்கி, அதற்கு எதுகை மோனை பூட்டி, கோப்பைகளாக அலமாரியில் அடுக்கியிருந்தேன். அன்று இரவு உணவின்போது தாத்தாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா எங்கள் இருவருக்கும் மோர் ஊற்றிவிட்டு, "இன்னா ரெண்டு பேரும் மௌன விரதமா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பூசைக்குப் புறப்படும் நேரத்தில் தாத்தா போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். "ஒடம்பு காயுது. நீ போ" என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. "நாளைக்கு அவரு போயிடுவாரு தாத்தா" என்றேன். போர்வை அசையவில்லை.

கோயிலில் எங்கள் வரிசையில் நான் மட்டும் நின்றேன். முசியே ஃபெலிக்ஸ் கோட்டு அணிந்து, தலையைப் படிய வாரி வந்திருந்தார். சமாதானம் சொல்லச் சொன்னதும் திரும்பினார். தாத்தாவின் இடம் வெறுமையாக இருந்ததைக் கண்டார். நான் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்தபடி, தாத்தாவின் சார்பாக என் கையை நீட்டினேன். கண்ணில் நீரும் தயாராக இருந்தது. பேச்சாளனுக்கு அது வரும்.

அவர் என் கையைப் பற்றவில்லை. என் தோளைத் தட்டிக்கொடுத்து, அடுத்தவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "அது அவன் கை, தம்பி. அத நீ குடுக்க முடியாது."

மதாம் திரும்பவே இல்லை.

முசியே ஃபெலிக்ஸ் பிரான்சில் ஒரு குளிர்காலத்தில் இறந்தார் என்று கோயில் அறிவிப்பில் கேட்டோம். "பனியில பொதைச்சிருப்பாங்க" என்றார் தாத்தா, அவ்வளவுதான். அந்த நவம்பரிலும் பதக்கத்தைத் துலக்கினார், அணிந்தார், நிமிர்ந்து நின்றார். நானும் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்காமல். பட்டிமன்றங்களுக்கு அழைத்தவர்களிடம் தேர்வு இருக்கிறது என்றேன். தேர்வு எப்போதும் இருந்தது.

இப்போது அந்த ஓட்டுநர் பள்ளி இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார்கள். மதாம் வீட்டுச் சுவருக்கு மஞ்சள் அடித்து, உள்ளே காபிக் கடை வைத்துவிட்டார்கள். நவம்பர் காலையில் பதக்கங்களோடு நிற்போரின் வரிசை போய், சில நாற்காலிகளில் விதவைகள் அமர்ந்திருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு கோயிலில் யாரும் கை கொடுப்பதில்லை. எல்லாரும் கும்பிட்டுக்கொள்கிறோம், தூரத்திலிருந்தே. நீட்டிய கை காற்றில் நிற்பது எப்படியிருக்கும் என்பதே இனி ஒருவருக்கும் தெரியவராது.

தாத்தா போன ஆண்டு மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியின்மேல் பிரெஞ்சு மூவண்ணக் கொடி, அதன்மேல் சிறு தலையணையில் பதக்கம். சாமியார் செபித்து முடித்ததும், எல்லாருடைய கண்களும் என் பக்கம் திரும்பின. சொல்தாக்களின் சங்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் என் காதருகே குனிந்து, "அந்த ரெண்டு கைதி பேச்சு இருக்கே தம்பி, அத சொல்லு. சவரிமுத்து ஆத்மா குளுந்துபூடும்" என்றார்.

முன்னால் போய் நின்றேன். அப்பா தலையாட்டினார், தொடங்கு என்பதுபோல. அவையோரே என்று தொடங்க வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த மேடைத் தமிழ் எதுவும் வரவில்லை. வீட்டுத் தமிழ்தான் வந்தது. பெட்டியைப் பார்த்து, அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"தாத்தா, ஒங்கள பொழைக்க வெச்சது முசியே ஃபெலிக்ஸ். அவரு பேசுனதுனாலதான் கொய்னா வந்துச்சு. அது ஒங்களுக்கும் தெரியும். கண்ண மூடற வரைக்கும் சொல்லாதன்னீங்க, சொல்லல. இனிமே ஒங்க பேர எங்க சொன்னாலும், அவரு பேர மொதல்ல சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."